மூன்றாம் நாளுக்கான வழி

இப்போதெல்லாம் ஊர் பார்க்க வருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருவதில்லை, ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதைச் சரிபார்க்க வருகிறார்கள் என்பது தெல்மோவின் கட்சி. முன்னெல்லாம் ஒருவன் வழி தவறி வருவான், நாய் குரைக்கும், குடிக்கத் தண்ணீர் கேட்பான், தண்ணீருக்குப் பதில் ஒயின் கொடுத்தால் சந்தோஷமாகக் குடித்துவிட்டுப் போவான். இப்போது வாசலில் வந்து நிற்கும்போதே அடுப்படி ஜன்னலுக்கு எத்தனை கண்ணாடி என்று தெரிந்து வைத்திருக்கிறான். ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்து வாளியில் துப்புகிறான். துப்புவதற்காகவா ஒரு மனுஷன் பிப்ரவரிக் குளிரில் விரல் விறைக்க விறைக்கக் கொடி வெட்டுகிறான்? துப்பித் தொலைத்தாலும் பரவாயில்லை, துப்பியதைப் பற்றி எழுதி வேறு வைத்துக்கொள்கிறான்.

இதையெல்லாம் அவர் மருமகள் இவானாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் காரின் சாவியுமாக நின்றிருந்தாள்.

"பொலம்பி முடிச்சிட்டீங்கன்னா நான் சொல்றதக் கேளுங்க மாமா. பத்து மணிக்கு அந்தம்மா வருது. லொரெதானான்னு பேரு. டூரின்லருந்து. மொந்தெல்போ சதுக்கத்துல கார நிறுத்திட்டு நிப்பாங்க. நீங்க போய்க் கூட்டிட்டு நடந்தே நம்ம வீட்டுக்கு வரணும். பன்னெண்டு பேரு, அக்டோபர்ல, ஆல்பாவுல ஆரம்பிச்சு அஞ்சு நாள் நடக்கறாங்க. லா மொர்ரா, பரோலோ, மொன்ஃபோர்த்தே எல்லாம் முடிவாயிருச்சு. மூணாவது நாள் ராத்திரி எங்க தங்கறதுன்னுதான் பாக்க வருது."

"பன்னெண்டு பேரு நடக்கறதுக்கா? அவங்க ஊர்ல நடக்க எடமில்லையா?"

"டென்மார்க் தட்டையா இருக்குமாம். மேடு பாக்க வர்றாங்க."

"மேட்டப் பாக்க மேட்டுமேல எதுக்கு ஏறணும்? கீழ நின்னு பாத்தாத் தெரியாதா?"

இவானா காபிக் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். "மாமா," என்றாள், வேறு குரலில். "நான் இத வெளையாட்டாச் சொல்லல. நீங்க எப்பவும் நடக்கற வழியில கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். பழைய மாட்டுக்கொட்டகையின் மேல், வைக்கோல் அடைத்துவைத்த இடத்தில், அவளும் தெல்மோவின் மகன் ஃப்ளாவியோவும் அறைக்கு நாலு கட்டில் போட்டு மூன்று அறை கட்டியிருந்தார்கள். போன வருடம் முழுக்க வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் வேறெங்கோ போக வேண்டியவர்கள். ஃப்ளாவியோ ஆல்பாவில் சாக்லேட் ஆலையில் ஷிஃப்டு பார்த்துவிட்டு வந்து, தூக்கக் கண்ணோடு தோட்டத்தில் இறங்குகிறான். தெல்மோவுக்கு எழுபத்தெட்டு முடிந்து, சரிவில் நிற்க முட்டி ஒத்துழைக்காத நிலை. டூரின்காரி இந்த ஒரு குழுவோடு நிறுத்தமாட்டாள், வருடத்துக்கு எட்டுப் பத்துக் குழு அனுப்புவாள் என்று பேச்சு. அப்படி நடந்தால் ஃப்ளாவியோ ஆலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்ப்பான். நடக்காவிட்டால் நவம்பரில், சான் மார்ட்டினோ நாளில், குத்தகை கை மாறுகிற அந்த ஒரு நாளில், தோட்டம் பக்கத்துப் பெரிய ஒயின் பண்ணைக்குப் போய்விடும். பண்ணைக்காரன் இப்போதே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தெல்மோ இரண்டு முறை கண்டிருக்கிறார். ஊரிலேயே முதலில் பனி உருகும் சரிவு அது. அதன் அருமை அவனுக்கும் தெரியும்.

பத்து மணிக்கு அவர் பேருந்தில் ஏறி மொந்தெல்போ போய் இறங்கினார். நாய் பிர்பாவும் கூட ஏறியது. பேருந்து ஓட்டுநர் அதற்கு மட்டும் வணக்கம் சொன்னான். சதுக்கத்தில் கோபுரத்தின் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து இருக்கும். நரைத்த முடியை ஆம்பளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். தெல்மோ முதலில் அவள் காலைத்தான் பார்த்தார். நகரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் நேற்று வாங்கிய பூட்ஸ் போட்டிருப்பார்கள், அதில் ஏதாவது ஒரு ஊதா நிறம் இருக்கும். இவளுடைய பூட்ஸ் பழசு. அடிப்பாகம் மாற்றித் தைத்திருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒன்று கட்டியிருந்தாள். நடக்கிற தூரம், ஏறுகிற உயரம், இதயம் அடிப்பது எல்லாவற்றையும் அது சொல்லுமாம்.

"நின்னு போனாலும் சொல்லுமா?" என்றார் தெல்மோ.

"சொல்லும். ஆனா எனக்குச் சொல்லாது, கம்பெனிக்குச் சொல்லும்," என்றாள் அவள்.

தெல்மோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. நடக்க ஆரம்பித்தார்.

அவருடைய கால் தானாக இடப்பக்கம் திரும்பியது. குன்றின் முதுகில் ஏறிச் சிற்றாலயத்தைச் சுற்றி, ஹேசல் கொட்டைத் தோப்பைத் தாண்டி, கீழே இறங்கித் தார் ரோட்டைப் பிடித்து, மறுபடி மேடேறி வீட்டுக்கு வருகிற வழி அது. ஏன் அப்படிப் போகிறோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. அதுதான் விஷயம். மாட்டை வண்டியில் பூட்டினால் அது யோசித்தா போகிறது?

ஊருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஓக்கும் பாப்ளரும் லிண்டனும் அடர்ந்த செங்குத்தான பள்ளம். அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் அர்ஜென்டினாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் சொத்து, கேட்க ஆளில்லை. அந்தப் பள்ளத்தில் ஐந்து மரங்களின் வேரடியில், மண்ணுக்குள், அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை, நாய் மோப்பம் பிடித்துக் காட்டினால்தான் கிடைக்கிற, பவுன் விலைக்குப் போகிற வெள்ளை ட்ரஃபிள் காளான் விளையும். காட்டில் விளைவது கண்டெடுத்தவனுக்கு என்பது சட்டம். அதனால் அந்தக் காளானுக்கு வேலி போட முடியாது, பூட்டு போட முடியாது, வாயை மூடி வைத்திருப்பது ஒன்றுதான் வேலி. தெல்மோ ஐம்பது வருடமாக அந்த வேலியைக் காத்து வருகிறார். காளான் காலத்தில் காரை எடுத்துக்கொண்டு செர்ராலுங்கா போவார். நாலு பேர் பார்க்க அங்கே கடைவாசலில் நிறுத்தி ஒரு காபி குடிப்பார். பிறகு கொல்லைப்புறமாக இறங்கி மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்து பள்ளத்துக்கு வருவார். ஒருமுறை பியெரீன் என்கிற பயல் பின்னாலேயே வந்துவிட்டான். அவனை உதறுவதற்காகக் கோயிலுக்குள் நுழைந்து, முழுப் பூசையும் மண்டி போட்டுக் கேட்டு, பாவமன்னிப்பு வரை போக வேண்டியதாயிற்று. மனைவி தெரெசினாகூட இடம் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள். மகனிடம் சாகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அவனுக்கு வாய் நீளம்.

லொரெதானா சிற்றாலயத்தருகே நின்று வரைபடத்தை விரித்தாள். "இங்க பாருங்க, ஊருக்குப் பின்னாலருந்து பள்ளத்துக்குள்ள ஒரு புள்ளிக்கோடு போகுது. நேரா உங்க வீட்டுப் பக்கம். இது வழியில்லையா?"

"வழியா அது? மழைத்தண்ணி போற கால்வாய்."

"நடந்து போயிருக்கீங்களா?"

"எதுக்குப் போறேன்? முள்ளு. மண்ணு சறுக்கும். மார்ச்லயே விரியன் பாம்பு வெளிய வந்துரும்."

"மேப்புல இருக்கே."

"மேப்பு போட்டவன் செத்து அம்பது வருஷமிருக்கும். பாம்பு கடிச்சுத்தான் செத்திருப்பான்."

அவள் வரைபடத்தை மடித்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் நடந்தாளா என்றால் அதுவும் இல்லை. வேறு எதையெதையோ கேட்டாள். இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் இடையே ஏன் இத்தனை அடி, அந்த வீட்டு ஜன்னல்கள் ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன, மத்தியானம் தோட்டத்தில் என்ன சாப்பிடுவீர்கள், அதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். உட்காருகிற இடத்தைப் பற்றி ஒருத்தி கேட்பது அவர் வாழ்நாளில் முதல் தடவை. "குண்டி படற எடத்துல" என்று சொல்ல வாயெடுத்து, "கல்லுமேல" என்றார். எந்தக் கல் என்று கேட்டாள். அது அவருக்கே சுவாரசியமாகப் போய்விட்டது. எந்தக் கல்? யோசித்துப் பார்த்தால் எப்போதும் ஒரே கல்தான்.

தார் ரோட்டில் மரம் ஏற்றிய லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. ஒவ்வொரு தடவையும் இருவரும் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. பிர்பாவுக்கே அலுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணிக்கட்டைப் பார்த்து, "ரெண்டு மணி பத்து நிமிஷம்," என்றாள் லொரெதானா.

இவானா பச்சை மசாலாவில் ஊறிய நெத்திலியும் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். தெல்மோ டம்ளரில் தன்னுடைய ஒயினை ஊற்றினார். அவள் கொப்பளிக்கவில்லை, துப்பவில்லை. பசித்தவள் மாதிரி சாப்பிட்டாள். பிறகு மேலே ஏறி மூன்று அறைகளையும் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வெகுநேரம் நின்றாள். கீழே இறங்கி வந்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அறை நல்லா இருக்கு. நான் பாத்ததுலயே நல்லா இருக்கு. ஆனா முடியாது ஐயா. அன்னிக்கு அவங்க ஏற்கெனவே நாலு மணி நேரம் நடந்திருப்பாங்க. அதுக்கு மேல ரெண்டு மணி நேரம். அதுல முக்கா மணி நேரம் லாரிக்கு நடுவுல. அறுபது வயசு, அறுபத்தஞ்சு வயசுக்காரங்க. நான் கீழ் ரோட்டுல நீச்சல் குளம் வச்ச ஹோட்டல் இருக்கே, அங்கதான் போடணும். எனக்கே பிடிக்கல, ஆனா வேற வழியில்ல."

தெல்மோ தலையாட்டினார். சரிதான் என்று தோன்றியது. நேர்மையாகப் பேசுகிறாள். தூரம் என்றால் தூரம்தானே, அதற்கு யார் என்ன செய்வது என்று நினைத்தார். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் உறைத்தது. தூரமா? யாருக்குத் தூரம்? இன்றைக்கு எதை மறைக்கிறோம், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று ஒரு கணம்கூட நினைக்காமல், காலும் வாயும் தம்பாட்டுக்கு வேலை பார்த்து, தன் வீட்டையே ஊரிலிருந்து தூரமாக்கி வைத்துவிட்டன.

ஒரு மணிக்கு இவானா வந்தாள். லொரெதானா அதையே அவளிடமும் சொன்னாள். இன்னும் மெதுவாக, இன்னும் வருத்தத்தோடு. இவானா பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று தெல்மோ எதிர்பார்த்தார், அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவள் அழவில்லை. மேசைமேல் இருந்த ரொட்டியைப் பார்த்தாள்.

"மாமா, இந்த ரொட்டி எங்க வாங்கினது?"

"எங்க வாங்குவாங்க? மொந்தெல்போவுல."

"எப்ப?"

"காலைல."

"நீங்க கொண்டாந்து வைக்கறப்ப இது சூடா இருந்துச்சு. தெனம் சூடாத்தான் இருக்கு. கார் வாசல்லயே நிக்கும், பேருந்து அப்ப கெடையாது, ரொட்டி சூடா வரும். ஆறு வருஷமாப் பாக்கறேன். என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

லொரெதானா தன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? தெல்மோ தெனம் காலைல கல்லறைத் தோட்டத்துலருந்து வர்றாரு, செத்துப்போன தெரெசினாமேல எவ்வளவு பிரியம் பாருங்கறாங்க. மருந்துக்கடைல பொம்பளைங்க கண்ணு கலங்கிச் சொல்றாங்க. நானும் ஆமாங்க, அவரு அப்படித்தாங்கன்னு சொல்லிட்டு வர்றேன்." பையை நாற்காலியில் வைத்தாள். "நான் இப்பவும் கேக்கல. வெளிய துணி காயுது. எடுத்துட்டு வர்றேன்."

போய்விட்டாள். ஜன்னல் வழியே தெரிந்தாள். போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து, மார்பில் அணைத்து மடித்தாள். மூன்று அறைக்கான போர்வைகள். யாரும் படுக்காத படுக்கைக்கு வாராவாரம் அவள் துவைத்துப் போடுவதைத் தெல்மோ கிண்டல் செய்திருக்கிறார்.

தெல்மோ ஒருபோதும் தன்னைக் கெட்டவன் என்று நினைத்ததில்லை. வாயை மூடி வைத்திருப்பது கெட்ட காரியமா? ஆனால் இவள் ஆறு வருடமாக மூடி வைத்திருக்கிறாள், அதுவும் தனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத ஒன்றை. அது அவருக்குப் புதிதாக இருந்தது. யாரும் பூட்டாமல் திறந்து கிடந்த ஒரு வீட்டில் ஒரு சாமான்கூடக் களவு போகாமல் இருந்ததைக் கண்டுபிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கூடவே எரிச்சலும் வந்தது. தெரிந்துவிட்டதென்றால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ஆறு வருடம் செர்ராலுங்காவில் வேண்டாத காபியைக் குடித்திருக்க வேண்டாமே.

எழுந்தார். "அந்தக் கையில கட்டியிருக்கியே, அதக் கழட்டு," என்றார் லொரெதானாவிடம். மரியாதை எப்போது போயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

"எதுக்கு?"

"கழட்டு. ஃபோனையும் அணைச்சுக் கொடு. மேப்பும் பென்சிலும் பையில வை."

அவள் கழற்றி, ஃபோனையும் அணைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டையும் தன் கோட்டின் உள்பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். தேளைப் பிடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால், விறகு அடுக்குக்கும் முயல் கூண்டுக்கும் இடையே ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அதைத் தாண்டினால் பள்ளம். கீழே இறங்க இறங்கக் குளிர்ந்தது. வெண்மையான களிமண் பூட்ஸில் அப்பிக்கொண்டது. பாதை என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை, ஒரு மனுஷனும் ஒரு நாயும் ஐம்பது வருடம் நடந்த தடம் மட்டும் இருந்தது. போன வருடத்துச் சருகுக்குள்ளிருந்து மஞ்சள் பூக்கள் தலைநீட்டியிருந்தன. ஒரு இடத்தில் மண் சரிந்த சுவரில் சிப்பிகள் பதிந்திருந்தன. ஒரு காலத்தில் இதெல்லாம் கடல். லொரெதானா நின்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பெயர்த்து எடுக்கவில்லை. அதைத் தெல்மோ குறித்துக்கொண்டார். ஓடையைத் தாண்ட அவர் கை கொடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உண்மையச் சொல்லு. இவங்க என்னத்தப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலருந்து வர்றாங்க?"

"எனக்கும் முழுசாத் தெரியல," என்றாள். "இருபது வருஷமாக் கூட்டிட்டு வர்றேன். போன வருஷம் ஒரு ஆளு. பல் டாக்டர். ஒரு தோட்டத்துல கெழவர் ஒருத்தரு கொடியக் கம்பியில கட்டிட்டிருந்தாரு. இந்த ஆளு வேலியோரம் நின்னுட்டாரு. ஒரு மணி நேரம். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு, இவரு வரல."

"கத்துக்கறதுக்கா?"

"இல்ல. சும்மா."

சும்மா. தெல்மோ அதை வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார். காசு போட்டு, விமானம் ஏறி வந்து, சும்மா நிற்பது. அந்தக் கிழவன் எத்தனை எரிச்சல் பட்டிருப்பான்! அல்லது படவில்லையோ? ஒரு மணி நேரம் ஒருத்தன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் கை எப்படி வேலை செய்யும் என்று அவர் யோசித்துக்கொண்டே நடந்ததில், நாயைக் கவனிக்க மறந்துபோனார்.

பிர்பா இரண்டாவது வளைவில் இருக்கும் லிண்டன் மரத்தடிக்குப் போனது. ஒரு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எஜமானைப் பார்த்தது. சீசன் முடிந்து ஒன்றரை மாதமாயிற்று. ஆனாலும் அந்த மரத்தடியில் உட்கார்ந்தால் காய்ந்த ரொட்டி கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும்.

"ஏ சனியனே, எந்திரி!" தெல்மோ விசில் அடித்தார். நாய் வாலை ஆட்டியது.

லொரெதானா நாயைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா நாய் பேரு ஸ்தெல்லா," என்றாள். "மார்ச் மாசத்துல வெளியாள் கூட இருந்தா அத வீட்ல கட்டிப் போட்டுட்டுத்தான் வருவாரு."

தெல்மோ அவள் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊரு?"

"மொந்தா."

"ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"பொறந்தது அங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"டூரின்னாளே இவானா!"

"டூரின்லருந்து வர்றேன்னு சொன்னேன். எங்க பொறந்தேன்னு யாரும் கேக்கல."

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் காளான் தேடுவதில் பேய்கள். நாயைவிட நன்றாக மோப்பம் பிடிப்பார்கள் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். டென்மார்க்காரர்கள் பன்னிரண்டு பேரை நினைத்துப் பயந்தவர், பதிமூன்றாவது ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். அதுவும் பழைய பூட்ஸ் போட்ட ஆள். காலையில் பார்த்தபோதே உறுத்தியதே!

"நீ எத்தன மரம் எண்ணின?"

"எண்ணல."

"பொய்."

"சரி. நாலு."

ஐந்து என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டார். ஒன்றை விட்டுவிட்டாள் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பத்து அடி நடக்கும்வரைகூட நிற்கவில்லை. உண்மையிலேயே விட்டுவிட்டாளா, இல்லை நிம்மதிக்காகச் சொன்னாளா?

மேடேறும்போது அவளே பேசினாள். கோடு போட்டுக் கொடுக்கமாட்டாளாம். தாளில் ஊர் என்று எழுதி, வீடு என்று எழுதி, நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவாளாம். பள்ளத்தின் ஊர்ப்பக்க முனையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்து வாசலில் வீட்டு ஆள் ஒருவர் நின்று, எல்லார் ஃபோனையும் ஒரு பையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, முன்னால் நடந்து கூட்டிப்போக வேண்டும். இருபத்தஞ்சு நிமிஷம் ஃபோன் இல்லாமல் நடப்பது என்றால் அவர்கள் அதற்கே சந்தோஷப்படுவார்கள் என்றாள்.

"ஃபோன வாங்கலாம். கண்ண?"

"அவங்களுக்கு மரம்னா மரந்தான் ஐயா. ஓக்குக்கும் பாப்ளருக்கும் வித்தியாசம் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

அவள் குறுக்கே கிடந்த கிளையை விலக்கிப் பிடித்து அவருக்கு வழி விட்டாள்.

"மே மாசம் வரச் சொல்லு," என்றார். "மே மாசம் நல்லா இருக்கும். குயில் கூவும்."

"பழுத்த தோட்டத்தத்தான பாக்க வர்றாங்க. அக்டோபர்தான்."

"அக்டோபர்ல எனக்கு முட்டி வலிக்கும்."

"வலிக்காம பாத்துக்கங்க. மூணாவது நாள் ராத்திரிக்கு நான் உங்க வீட்டத்தான் எழுதப் போறேன். முன்னால நடக்க ஆள் இல்லன்னா ஆகஸ்டுக்குள்ள இவானாகிட்டச் சொல்லி அனுப்புங்க, மாத்திடறேன்."

கல்லறைத் தோட்டத்தின் பின்கதவருகே அவர் கோட்டுப் பித்தானைக் கழற்றி அவளுடைய சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ஃபோனைப் போடவில்லை. பையின் அடியில் தள்ளினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, புல்லில் பூட்ஸை இப்படியும் அப்படியும் தேய்த்து, குச்சி ஒன்றை எடுத்து அடிப்பாகத்து வெண்களிமண்ணைச் சுத்தமாகச் சுரண்டினாள். தெல்மோ தினம் செய்கிற வேலை. அதே மாதிரி, குதிகாலில் தொடங்கி.

சதுக்கத்துக் காபிக்கடை வாசலில் பியெரீன் உட்கார்ந்திருந்தான். எழுபது வயதாகியும் அவனைத் தெல்மோ பயல் என்றுதான் சொல்வார். அவன் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"என்னண்ணே, காலைல இந்தம்மாவோட அந்தப் பக்கம் போனீங்க, இப்ப இந்தப் பக்கமா மொளைக்கறீங்க? காரும் காணோம், பஸ்ஸும் வரல?"

தெல்மோவுக்கு எத்தனையோ பொய்கள் கைவசம் உண்டு. அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"இவானா கார்ல கொண்டாந்து விட்டாங்க," என்றாள் லொரெதானா. மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "தெரெசினா அம்மா கல்லறைக்குப் பூ வைக்கணும்னு நான்தான் கேட்டேன். எங்கம்மாவும் அவங்களும் கன்னிமடத்துப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. எங்கம்மா சாகற வரைக்கும் அவங்களப் பத்திப் பேசாத நாளில்ல." குரல் லேசாக உடைந்தது. கண்ணோரம் ஈரம்கூட இருந்தது.

பியெரீன் தொப்பியைக் கழற்றினான். "தெரெசினா தங்கமானவங்க," என்றான். எழுந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப்போட்டு, உள்ளே பார்த்துக் காபி கேட்டுக் குரல் கொடுத்தான்.

தெரெசினா கன்னிமடத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

தெல்மோ நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டைப் பார்க்க நடந்தார். காப்பாற்றிவிட்டாள், அது உண்மை. ஆனால் செத்துப்போனவளை வைத்து, கண்ணில் தண்ணீர் வரவழைத்து, இவ்வளவு அழகாக, இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லுகிற ஒருத்தியை எந்தக் கணக்கில் நம்புவது? தனக்காகச் சொன்னவள் தன்னிடம் சொல்லமாட்டாளா? நாலு என்றாளே. நாலா அது? இவானாவிடம் போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் முட்டி என்ன சொல்கிறதோ.

வளைவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் காபிக்கடை வாசலில் கோப்பையோடு உட்கார்ந்து, பியெரீன் ஏதோ சொல்லக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தாள். கல்லறைத் தோட்டத்தின் பக்கம் அவளுடைய முதுகு இருந்தது. அவர் அங்கே நின்ற நேரமெல்லாம் அந்த முதுகு அசையவே இல்லை.